அறுப்பின் பண்டிகையில் நான் வாசித்த பெயர்

1

“வெளியாளுக நம்மகிட்ட மருந்து வாங்கிக்கிருவாக, எழுத்து வாங்கிக்கிருவாக. சாமிய மட்டும் வாங்க மாட்டாக. நீ எம்புட்டுப் படிச்சாலும் அம்புட்டுத்தேன், போ.”

எங்கள் தெருச் சபையை நடத்துகிற உபதேசியார் என்னிடம் இப்படிச் சொன்னபோது எனக்குப் பத்தொன்பது வயது. மிஷன் போர்டிங்கில் எட்டு வருஷம் இருந்து, பயிற்சியும் முடித்து, வெள்ளைச் சேலையும் கைக்குடையுமாக அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எழுத்தறிந்ததில்லை. அப்பா எந்தக் காகிதத்திலும் பெருவிரலைத்தான் வைப்பார். சுற்று ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்குக் கிடைத்திருந்தது. உபதேசியாருக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

“பாத்துக்கிட்டே இருங்க மாமா. ஒரு வருசத்துல பேரோட சொல்றேன்” என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது எனக்கு இருபத்தைந்து. இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என் வீட்டுக்காரர் தலைமையாசிரியர், நான் உதவியாசிரியை. போன மாதம் நம் சபைப் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘சபைக்கு வெளியே இருக்கிறவர்கள் கிறிஸ்து மார்க்கத்துக்கு மனம் திறந்திருக்கிறார்களா? கடல் கடந்த இடத்தில் தாங்கள் கண்டதை, பெயர் ஊர் விவரங்களோடு எழுதவும்’ என்று கேட்டிருந்தார். கடிதத்தில் மற்ற எல்லாம் அன்பான வார்த்தைகள். ‘பெயர் ஊர் விவரங்களோடு’ என்ற இடத்தை மட்டும் மறுபடி மறுபடி வாசித்தேன். நாலு வாரம் கடிதத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

இப்போது எழுதுகிறேன். ஆனால் இதில் வருகிற பெண்களின் பெயர்களும், அவர்களைச் சேர்ந்தவர்களின் பெயர்களும் மெய்ப்பெயர்கள் அல்ல. ஊர், பரளச்சிக்கும் ரெட்டியபட்டிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதற்குமேல் கேட்க வேண்டாம். தோட்டத்தின் பெயரும் என் பெயரும் வராது. ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

2

இங்கே விடியுமுன்பே தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு லயத்து வீடுகள் அத்தனையும் எழுந்து, மூடுபனியில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு ஓடும். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள். ஓர் அறை ஒரு குடும்பம். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ‘நூறாயுசு’ என்பார்கள். இங்கே எதையும் ஒளித்துவைக்க முடியாது. நான் பயப்பட ஆரம்பித்தது அங்கிருந்துதான்.

மழைக்குக் குறைவில்லை. வெயிலைக் கண்டால் பாயைக் காயப்போட ஓடுகிறோம். வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவளுக்கு முதல் வருஷம் இது சொர்க்கம் மாதிரி இருந்தது. இரண்டாம் வருஷம் சுவரில் பூஞ்சை தெரிந்தது. பிள்ளைகளுக்கு ‘வறட்சி’ என்ற சொல்லைப் புரியவைக்க ஒரு முழு வகுப்பு ஆயிற்று. “மழ பெய்யலன்னா நல்லதுதானே டீச்சர், அட்டை கடிக்காதுல்ல?” என்று ஒருத்தி கேட்டாள். இவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் கம்மங்கஞ்சிக்கும் வழியில்லாமல்தான் நரிக்குடிப் பக்கத்திலிருந்தும் திருச்சுழிப் பக்கத்திலிருந்தும் நடந்து மண்டபத்துக்கு வந்து கடல் ஏறினார்கள். பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. ‘அவுக’, ‘இவுக’, ‘வாரேன்’ எல்லாம் இங்கே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கேட்கும். யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கர் முன்னால் நானே ஒருநாள் ‘அவுக வந்தாக’ என்று சொல்லிவிட்டேன். “படிச்ச ரீச்சரும் இப்பிடியோ கதைக்கிறது?” என்று அவர் சிரித்தார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அவ்வளவு ரோஷக்காரி. இதையும் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

போன புதன்கிழமை கருப்பையா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், இடுப்பில் கத்தி தொங்கியது. அவருடைய மகள் செல்லி என் வகுப்பில் படிக்கிறாள். ஏழு வயது.

“டீச்சரம்மா, எம் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்க. கணக்குச் சொல்லிக் குடுங்க. எங்க சாமிய மட்டும் வைய வேணாம்.”

“யாரு வஞ்சா?”

“நேத்து அவ ஆத்தா வெளக்குப் பொருத்தயில இவ சொல்லுறா, அது கல்லு, அதுக்குக் காது கேக்காதுன்னு. இந்தப் பொடிக் கழுதைக்கு இம்புட்டுப் பேச்சு எங்கெருந்து வந்துச்சு?”

அவர் கத்தவில்லை. கூரை ஒழுகுகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். செல்லியின் கன்னத்தில் விரல் தடம் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“பள்ளிக்கூடத்துல பாடத்தைத்தான் சொல்லிக் குடுக்குறோம்” என்றேன். பொய். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கல்லைப் பற்றிச் சொன்னது நான்தான். அழகாகச் சொன்னேன் என்று எனக்குள் மெச்சிக்கொண்டதும் உண்டு.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அவருடைய மனைவி பேச்சி, முந்தானையில் கொஞ்சம் கறிவேப்பிலையை ஏந்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஏழு மாதமாக இப்படித்தான் வருகிறாள். கறிவேப்பிலை லயத்தார் கண்ணுக்கு, வருவது எழுத்துக்கு. இப்போது சுவிசேஷப் பிரதியைக் கூட்டி வாசிக்கிற அளவுக்கு வந்திருக்கிறாள். அன்று புத்தகத்தைத் திறக்கவில்லை.

“டீச்சர், என்னய வேதத்துல சேத்துருங்க.”

“என்ன திடீர்னு?”

“திடீர்னா? ஏழு மாசமா நெனச்சுக்கிட்டுத்தான இருக்கேன். வார ஞாயித்துக்கெழம ஐயரு வாராகளாமே. அன்னைக்கே தண்ணி ஊத்திருங்க.”

மாதம் ஒருமுறை எங்கள் சபைப் போதகரான ஐயர் மலையேறி வருவார். வந்து குடையை மடக்குமுன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “புதுப் பேர் உண்டா?” ஞானஸ்நானத்துக்கு வருகிறவரின் பெயரைப் பலிபீடத்துக்கு முன் நின்று உரக்க வாசிப்பார். பிறகு அது அறிக்கையில் போகும்; பத்திரிகையில் வரும்.

ஓர் ஆத்துமா தானாக வந்து கேட்கிறது. இதற்காகத்தானே படித்தேன்? சந்தோஷத்தில் முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ பயம். “நாளைக்குப் பேசுவோம்” என்று அவளை அவசரமாக அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஏன் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

3

யுத்த காலத்தில், கரிப்புகை பஸ்ஸு ஓடின நாட்களில், நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த வீடுகளில் ஒன்று ஒரு பெரிய சம்சாரி வீடு, விவசாயக் குடும்பம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அவர்களுடைய கரிசல். எங்கள் தெரு ஆட்கள்தான் அதில் களையெடுப்பதும் பருத்தி எடுப்பதும். அந்த வீட்டு மருமகளைச் சீனியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் புருஷன் பட்டாளத்தில் இருந்தான். அவன் கடிதம் வந்தால் தபால்காரர் நடு முற்றத்தில் நின்று எல்லாருக்கும் கேட்க வாசிப்பார். “அவுக எனக்குன்னு எழுதுறத நானே வாசிக்கணும். ஊரே கேக்குறதுக்கா எழுதுறாக?” என்று அவள்தான் மாமியாரிடம் மன்றாடி என்னை வரவழைத்தாள்.

வீட்டுக்குள் என்னை விடமாட்டார்கள். பருத்தி குவித்திருக்கிற கொட்டகையோடு சரி. அவள் சுளையிலிருந்து சருகை ஆய்ந்துகொண்டே படிப்பாள். யாராவது வந்தால் பாலபாடம் பருத்திக்குள் போய்விடும்.

“ஏ டீச்சரு, இந்த ‘ஞ’வ எவன் கண்டுபிடிச்சான்? எங்க மாமியா மொகம் மாதிரியே சுழிச்சுக்கிட்டு நிக்குது.”

“சத்தமாச் சொல்லாதீக, கேட்டுரும்.”

“கேக்கட்டும். எழுதத் தெரிஞ்சா அவுகளுக்கே எழுதிக் காமிச்சிருவேன்.”

மூன்று மாதத்தில் கடிதம் வாசித்தாள். பிறகு நான் கொடுத்த சிறு சுவிசேஷப் பிரதியை வாசித்தாள். பன்னிரண்டு வருஷம் நோயில் கிடந்து, கூட்டத்துக்குள் ஒளிந்து வந்து, ஆண்டவருடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டவளின் கதை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் முடிவு பிடிக்கவில்லை.

“தொட்டுட்டா, சரியாப் போச்சு. அதோட விட்டுற வேண்டியதுதான? யாரு தொட்டதுன்னு அம்புட்டுப் பேருக்கு முன்னால கேக்கணுமாக்கும்? அந்தப் பொம்பளைக்கு எப்புடி இருந்துருக்கும்?”

அதற்கு நான் போர்டிங்கில் கற்ற விளக்கம் முழுவதையும் ஒப்பித்தேன். அவள் பருத்தியை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அவள் சொன்னது ஒரு கேள்வி அல்ல, ஒரு பயம் என்று எனக்கு அன்று தெரியவில்லை. படித்தவளாயிற்றே.

ஒரு வருஷம் போல ஆனபோது, வேறெதையோ பேசுவதுபோலச் சொன்னாள்: “வெறகு அடுக்கயில ஒங்க சாமிகிட்ட ரெண்டு வார்த்த பேசிக்கிறேன். கேக்குறாரு போலத்தேன் இருக்கு. மனசு பதறாம இருக்கு.”

யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிய வேண்டிய காரியம்.

4

அந்த மாசியில் நடந்த அறுப்பின் பண்டிகைக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சோளக்கதிரும் பருத்தியும் கோழியுமாகக் கோயில் நிறைந்திருந்தது. வெளியே அசனத்துக்கு அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. மிஷன் வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வருஷத்து அறிக்கையை வாசித்தார்கள். என் முறை வந்தது.

என் தாளில் ‘ஒரு சம்சாரி வீட்டுப் பெண்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அதை வாசிக்கும்போது உபதேசியார் முன்வரிசையில் அதே சிரிப்போடு, “பேரில்லாத பொம்பளயா? ஒரு வருசத்துல பேரோட சொல்றேன்னவ நீதான?” என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

நான் தாளை மடித்தேன். நிமிர்ந்து நின்று, அவள் பெயரையும், அவள் மாமனார் பெயரையும், வீடு இருக்கிற இடத்தையும் சொன்னேன். அவள் ஜெபம் பண்ணுகிறாள் என்று சொன்னேன். ‘ஸ்தோத்திரம்’ என்று கோயில் முழுக்கக் குரல் எழும்பியது. நீங்களும் சொன்னீர்கள். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சோற்றைப் போல ருசியான சோற்றை நான் அதற்கு முன்பும் பின்பும் தின்றதில்லை.

காட்டிக்கொடுத்தவர் யாரும் இல்லை. அந்த வீட்டில் வேலை செய்கிற எங்கள் தெருப் பெண் ஒருத்தி, மறுநாள் கிணற்றடியில் அந்த வீட்டைச் சேர்ந்த ஒருத்தியிடம் சந்தோஷம் தாங்காமல், “ஒங்க வீட்டம்மாவும் இப்ப எங்க வேதந்தேன்” என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நான் பாடம் சொல்லப் போனபோது கொட்டகை சாத்தியிருந்தது. மாமியார் வாசலில் நின்றார். “ஆத்தா, நீ எழுத்துச் சொல்லிக் குடுக்கத்தேன் வந்தேன்னு நெனச்சேன்” என்றார். வேறொரு வார்த்தை வையவில்லை. அடுப்படிப் பக்கமிருந்து காகிதம் எரிகிற வாடை வந்தது.

சீனியம்மாவுக்கு ஆறு வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளையை நரிக்குடியில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாயிடம் இருந்தால் பிள்ளையும் வேதத்தில் போய்விடும் என்று. பட்டாளத்துக்குக் கடிதம் போயிற்று. அதை எழுதியவரும் வாசித்தவரும் யார் யாரோ. எங்கள் தெருவுக்கு அந்த வருஷம் அந்தக் காட்டில் களைவேலை இல்லை. அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சியில் தண்ணீர் மட்டும் கூடிக்கொண்டே போயிற்று.

பிறகு ஐப்பசி பிறந்தும் மேகம் கூடவில்லை. ஊரில் மழைக்கஞ்சி எடுத்தார்கள். பெண்கள் ஒரு பெரிய பானையோடு வீதி வீதியாக வருவார்கள். வீட்டுக்கு ஒரு அகப்பை உப்பில்லாக் கஞ்சி ஊற்ற வேண்டும். எல்லா வீட்டுக் கஞ்சியையும் ஒன்றாகக் கலந்து, காய்ந்த கண்மாய்க்குள் உட்கார்ந்து குடித்து, வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பார்கள். ஒரு வீடு விட்டுப்போனாலும் மழை வராது என்பது நம்பிக்கை. எங்கள் தெருவுக்கு அந்தப் பானை வராது. வேதக்காரர்கள் என்பது ஒரு காரணம். அதற்கு முந்தின காரணம் உங்களுக்கே தெரியும்.

நான் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டு வருகிற வழியில் அவர்களைப் பார்த்து ஓரமாக நின்றேன். சீனியம்மா தன் வாசலில் கஞ்சிச் செம்போடு நின்றிருந்தாள். எட்டு மாதத்தில் அப்போதுதான் பார்க்கிறேன், கழுத்தெலும்பு தெரிந்தது. பானை அவள் முன்னால் வந்தது. பானையைச் சுமந்தவள் அவளைப் பார்க்காமல் மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்:

“பெரியாத்தா, நீங்க ஊத்துங்க. அவுக கை வேணாம்.”

மாமியார் உள்ளே போய் வேறு செம்பில் கொண்டுவந்து ஊற்றினார். பானை நகர்ந்துவிட்டது. சீனியம்மா தெருவோரத்துக் கல்தொட்டிக்கு வந்து, தன் கஞ்சியை மாட்டுக்கு ஊற்றினாள். நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றேன். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

“ஏன்டி எம் பேரச் சொன்ன? சாமிக்குத் தெரியாதாக்கும்?”

அவள் உள்ளே போய்விட்டாள்.

பிறகு மழை பெய்தது. யுத்தம் முடிந்து புருஷனும் வந்துவிட்டான். அம்மா ஆள் பிடித்து எழுதுகிற கடிதங்களில் ஒரு வரி வரும்: ‘அந்த வீட்டம்மா இருக்கிறார்கள். யாரோடும் பேசுவதில்லை.’ மகள் நரிக்குடியிலேயே வளர்கிறாளாம். அத்தையைத்தான் ‘அம்மா’ என்று கூப்பிடுகிறாளாம்.

இதற்குப் பிறகுதான் எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்தேன். கடல் கடந்தால் கழிந்துவிடும் என்று நினைத்தேன்.

5

ஆசிரியர் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். வெளியே இருக்கிறவர்கள் மனம் திறந்துதான் இருக்கிறார்கள். எங்கள் உபதேசியார் சொன்னது தவறு. மருந்துக்கும் எழுத்துக்கும் மட்டும் வருகிறவர்களும் உண்டு, அதில் குற்றம் இல்லை. ஆனால் சீனியம்மா கேட்டாள், பேச்சி கேட்கிறாள். ஒரு சாமி நம் பேச்சைக் கேட்கும் என்றால் யாருக்குத்தான் கேட்க ஆசை இருக்காது? அவர்கள் பயப்படுவது ஆண்டவருக்கு அல்ல, நமக்கு. நாம் அவர்களைப் பிடித்த மீனைப்போலத் தூக்கிக் காட்டுவோம் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. நான் காட்டினேன்.

இதை எழுதுவது எளிது. வியாழன் முழுக்க நான் பட்ட பாடு வேறு. பேச்சியின் பெயரை ஐயர் உரக்க வாசித்தால், அடுத்த நிமிஷம் லயம் முழுக்கத் தெரியும். செல்லியை எங்கே அனுப்புவார்கள்? வேறு தோட்டத்தில் கருப்பையாவுக்கு ஒரு அக்காள் இருக்கிறாள். அதுவும் எனக்குத் தெரியும். வகுப்பில் செல்லி சிலேட்டைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்த நரிக்குடிப் பிள்ளை நினைவு வந்தது. சொல்லிக்கொடுத்த கூட்டல் கணக்கை நானே தப்பாகப் போட்டேன்.

இதற்கிடையில் காகிதத் தொல்லை வேறு. இங்கே நம்மவர்களில் யார் இந்த நாட்டார், யார் இல்லை என்று தீர்மானிக்கச் சட்டம் வருகிறது என்கிறார்கள். அப்பன் பிறந்தது எங்கே, பாட்டன் வந்தது எப்போது என்று காகிதம் காட்ட வேண்டுமாம். எல்லாரும் விண்ணப்பம் எழுத எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். ஒருவருக்கு ஆள்பதிவில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், கலியாணத்தில் ஒரு பெயர். எந்தப் பெயரை எழுதுவதென்று எனக்கே நடுக்கம்.

“ஞானஸ்நானப் பேருன்னு நாலாவதா ஒன்னு வந்தா அவ காகிதம் எதுக்காகும்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“அதுக்காக வேண்டாம்னு சொல்லச் சொல்றீகளா?”

“வேண்டாம்னு சொல்லல. ஐயர்ட்ட மறைக்கச் சொல்றியா? அவுக பள்ளிக்கூடத்துலதான் சோறு திங்கிறோம்.”

“மறைக்கல. அவ சம்மதிக்காம பேரச் சொல்ல மாட்டேன்.”

“ஐயரு கோவிச்சா?”

“கோவிக்கட்டும்.”

“இந்த வீறாப்ப அந்தப் பண்டிகையில காட்டாம இருந்துருக்கலாம்” என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. “இப்பயாச்சும் காட்டு” என்று விளக்கைத் தூண்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஐயருக்கு எழுதினேன்: ‘ஒரு பெண் விசாரிக்கிறாள். பெயரை அவளே சொல்லும் வரை நான் சொல்வதற்கில்லை. தயவுசெய்து கேட்க வேண்டாம்.’ தபால் பை கீழே இறங்கிப் போவதைப் பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியது.

6

வெள்ளி சாயங்காலம் பேச்சி வந்தாள். சீனியம்மாவிடம் நான் கேட்காத கேள்வியை அவளிடம் கேட்டேன்.

“ஒம் பேர நான் யார்ட்டயாவது சொல்லலாமா பேச்சி?”

அவள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே யோசித்தாள். “மொதல்ல எங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லணும். அவுகளுக்குத் தெரியாம எனக்கு எந்தச் சாமியும் வேணாம்.”

“கோவத்துல அடிச்சுப்புட்டாருன்னா?”

“அடிச்சாக்கூடத் தேவல. பேசாம இருந்துருவாக. அதுதேன் எனக்குப் பயம்.” பிறகு, “நீங்க பக்கத்துல இருங்க. நாஞ் சொல்றேன்” என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். அந்த லயத்துக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. பிள்ளைகள்தான் என்னிடம் வருவார்கள், நான் போவதில்லை. ஒவ்வொரு வாசலிலும் பேச்சு நின்றது. கருப்பையா கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

பேச்சி சொன்னாள். இரண்டே வாக்கியம். சுற்றி வளைக்கவில்லை.

அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லச் சொன்னீகளா?”

“இல்லண்ணே. அவளாத்தான் சொல்றா.”

“பிள்ளைக்கு அந்தக் கல்லுப் பேச்சு?”

“அது நான் சொல்லிக் குடுத்ததுதான். அன்னைக்கு வாசல்ல ஒங்ககிட்டப் பொய் சொன்னேன். ரெண்டுமே தப்பு.”

பக்கத்து வாசலில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். என் வாழ்நாளில் பலர் முன்னால் தப்பு என்று சொன்னது அதுவே முதல் தடவை.

“திருவிழாவுக்குப் பொங்கச்சோறு குடுத்துவிட்டோம். பிள்ளை கையிலயே திருப்பி அனுப்பிச்சிட்டீக. அவ வழியெல்லாம் அழுதுக்கிட்டு வந்தா.”

“படைச்சது எங்களுக்கு ஆகாதுண்ணே. இப்பயும் திங்க மாட்டேன். ஆனா பிள்ளை கையில திருப்பிக் குடுத்துருக்கக் கூடாது. நானே வந்து சொல்லியிருக்கணும்.”

“இப்ப மட்டும் எப்புடி வந்தீக?”

“பயந்துக்கிட்டேதான் வந்தேன்.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பேச்சியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. பிறகு சொன்னார்: “பிள்ள எங்க சாமியத்தேன் கும்புடும். இவ விசயத்த நான் யோசிக்கணும். அதுவரைக்கும் எம் பொண்டாட்டி எவ வீட்லயும் போயி ஒளிஞ்சுக்கிட்டுப் படிக்க வேணாம்.”

உள்ளே போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. செல்லி கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்தார். பெயரைக் கேட்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை. பேச்சி கோயிலுக்கு வரவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் செல்லியின் இடம் காலியாக இருந்தது. அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களோ என்று மணி அடிக்கும் வரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்தினேன்.

பறித்த கொழுந்தை எடைபோட்டு முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரத்தில் நான் மறுபடியும் அந்த லயத்துக்குப் போனேன். செல்லிக்குக் காய்ச்சல்தான். கம்பளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கருப்பையா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வா என்று சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை. கதவைத் திறந்தபடியே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்துப் பேச்சியின் கையில் கொடுத்தேன். உரக்க வாசிக்கச் சொன்னேன்.